திரையில் வழக்குரைக்கும் பெண்

கணவன் கள்வன் எனப்பட்டுக் கொலையுண்டான். மனைவி அரசவை ஏறி நீதி கேட்டாள். சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம் இந்நிகழ்ச்சியின்மேல் நிற்பது. அயலூரிலே துணையற்று நின்ற கண்ணகிக்காகப் பிறரெவரும் வாதாடவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. வழக்குரைத்தவளும் அவளே, சிலம்பை உடைத்துச் சான்று காட்டியவளும் அவளே. எளிய பெண் ஆற்றலும் மானமும் எய்துவதைத் தமிழ்த் திரைப்படம் எங்ஙனம் காட்டுகின்றது என ஆராய்வார்க்கு இக்காட்சி நல்லதோர் உரைகல்லாகும்.

கே. சுப்பிரமணியம் இயக்கி 1939ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தியாகபூமி’யை முதலில் நோக்கலாம். கணவனால் ஒதுக்கப்பட்ட சாவித்திரி பின்னர்ப் பெருஞ்செல்வம் எய்துகிறாள். தன்னோடு வாழ வருமாறு கணவன் வழக்குத் தொடுக்க, நீதிமன்றத்தில் நின்று மறுக்கிறாள். வேண்டுமாயின் அவனுக்குத் தானே சீவனாம்சம் தருவதாகவும் கூறுகிறாள். அக்காலத்தில் இது பெரும் புரட்சியே. ஆயினும் உலகம் அவள் சொல்லுக்குச் செவிசாய்க்கு முன்னர்ச் செல்வம் அவளை வந்தடைய வேண்டியிருந்தது. செல்வம் வாயாத பெண் யாது செய்வாள் என்னும் வினா எஞ்சி நின்றது.

அவ்வினாவை ஏற்றுக்கொண்ட படம், த. செ. ஞானவேல் இயக்கிய ‘ஜெய் பீம்’ (2021). தமிழ்நாட்டில் 1993ஆம் ஆண்டில் நிகழ்ந்த உண்மைச் சம்பவமொன்றைத் தழுவியது இது. இருளர் குலத்துச் செங்கேணியின் கணவன் மீதும் நகை திருடினான் என்ற பழி விழுகிறது; அவனும் காவலில் மாள்கிறான். கண்ணகி கதையே மீண்டும் பிறந்தாற் போன்றது. ஆயின் செங்கேணியிடம் உடைத்துக் காட்டச் சிலம்பில்லை. மன்றத்தில் அவளுக்காகப் பேசுபவர் வழக்கறிஞர் சந்துரு. நீதி வென்றபோதும் நாவன்மை அவருடையதாகவே நிற்கின்றது.

எனினும் இரண்டு மறுப்புக்கள் செங்கேணிக்கே உரியவை. பெருந்தொகை பெற்று வழக்கைக் கைவிடுமாறு கூறப்பட்டபோது அவள் இசையவில்லை. காவலர் தம் ஊர்தியில் ஏறுமாறு இறைஞ்சியபோது, ஏறாது வீதிவழியே நடக்கிறாள். ஊர்தி அவள் பின்னே ஊர்ந்து வருகின்றது. நீண்ட வாதங்கள் உணர்த்தாத மானத்தை இந்நடை உணர்த்துகின்றது. இறுதிக் காட்சியிலோ அவள் மகள், வழக்கறிஞர் இசைவு தந்த பின்னரே அவரைப் போலக் கால்மேல் காலிட்டுச் செய்தித்தாள் விரிக்கிறாள். காட்சி இனியது, ஆயினும் அங்கு மானம் மீண்டும் ஒருவர் அளிக்கும் கொடையாகிவிடுகின்றது. தாய் எவரிடமும் இசைவு கேளாமல் நடந்தாள் என்பதை இயக்குநர் மறந்தாரோ எனத் தோன்றுகின்றது.

தேயிலைத் தோட்டப் பெண்ணின் நிலையும் இவ்விடத்து எண்ணற்பாலது. பாலாவின் ‘பரதேசி’ (2013) ஆங்கிலேயர் காலத் தோட்டத்தின் கொடுமைகளை நெஞ்சுருகக் காட்டிற்று. அங்குப் பெண்ணுக்கு வாய்த்தது கண்ணீர் மட்டுமே. கண்டார் இரங்குவர், வணங்கார். அப்படம் வந்த இரண்டாண்டில், 2015 செப்தெம்பரில், கேரளத்து மூணாறில் தமிழ்த் தொழிலாளர் பெண்கள் போனஸ் கேட்டு வீதியில் அமர்ந்தனர். தொழிற்சங்கத் தலைவர்களான ஆடவரை விலக்கித் தாமே பேசினர். ‘பெம்பிளை ஒருமை’ என அவ்வெழுச்சி பெயர் பெற்றது. திரை அளிக்கத் தயங்கிய குரலை வாழ்க்கை அவர்க்கு அளித்தது.

இரக்கம் பெண்ணைத் தாழ இருத்தியே நோக்கும். மதிப்பு அவள் பேசக் காத்திருக்கும். தெரணியகலைத் தோட்டங்களிலே கொழுந்து நிறுக்குமிடத்தில், தராசைத் தானே பார்த்து, ‘நிறை சரிதானா?’ எனக் கேட்கும் பெண்ணும் வழக்குரைப்பவளே. அவள் வினவும் அவ்வொரு கணத்தை, இடையிலே வேறெவரையும் நிறுத்தாது காட்டும் படமே கண்ணகிக்கு ஈடாக நிற்கும்.