தளபதி கிராண்டின் ஒரு வாக்கியம்

யுலிஸிஸ் கிராண்டின் சுயசரிதத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் அதன் எளிமையைச் சொல்கிறார்கள். 1962-இல் எட்மண்ட் வில்சனும் அந்நடையை வியந்தார். எளிமை என்றதும் நேர்மை என்பதையும் நாம் கூடவே சேர்த்துக்கொள்கிறோம். அதில்தான் எனக்குச் சந்தேகம்.

1854-இல் ராணுவத்தைவிட்டு விலகியவர் கிராண்ட். 1860-இல் கலீனாவில் தகப்பனாரின் தோல் கடையில் வேலைக்கு நின்றார். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1862-இல் டோனல்சன் கோட்டை, 1863-இல் விக்ஸ்பர்க். 1864-இல் வடக்கின் படைகள் அனைத்துக்கும் தலைமை. 1865 ஏப்ரலில் அப்போமட்டாக்ஸில் லீ அவரிடம் சரணடைந்தார். பிறகு இருமுறை ஜனாதிபதி. 1884-இல் அவர் பங்குகொண்டிருந்த நிதி நிறுவனம் திவாலாயிற்று. தொண்டையில் புற்றுநோய். குடும்பத்துக்குப் பணம் வேண்டியிருந்ததால் எழுத உட்கார்ந்தார். முடித்த சில நாட்களில், 1885 ஜூலையில், இறந்தார். மார்க் ட்வைனின் பதிப்பகம் நூலை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது.

சாகப்போகிறவருக்கு அலங்காரம் தேவைப்படவில்லை. ஆனால் கோல்ட் ஹார்பர் பகுதியைப் பாருங்கள். 1864 ஜூன் 3 காலை, அரண்களுக்குள் இருந்த லீயின் படைமீது நேரடித் தாக்குதலுக்கு உத்தரவிட்டார் கிராண்ட். ஆயிரக்கணக்கானவர்கள் விழுந்தார்கள். அந்தக் கடைசித் தாக்குதலுக்காக எப்போதும் வருந்தியதாகத் தன்மையிலேயே எழுதுகிறார். இது நேர்மை.

அடுத்தது காயமுற்றவர்கள். இரண்டு அணிகளுக்கும் நடுவே, வெயிலில் கிடந்தார்கள். அவர்களை எடுத்துச் செல்ல கிராண்ட் கடிதம் எழுதியது 5-ஆம் தேதி. வெள்ளைக் கொடியுடன் முறைப்படி கேட்க வேண்டும் என்றார் லீ. அப்படிக் கேட்பது தோற்றதை ஒப்புக்கொள்வதாகும். கடிதங்கள் போயின, வந்தன. ஆட்கள் களத்தில் இறங்கும்போது 7-ஆம் தேதி. கடிதப் போக்குவரத்தில் நேர்ந்த தாமதத்தால் நாட்கள் கழிந்தன என்றும், அதற்குள் இருவர் தவிர மற்றவர்கள் இறந்துவிட்டார்கள் என்றும் எழுதுகிறார் கிராண்ட்.

இதுவும் எளிய நடைதான். ஒரு பெயரடைகூட மிகையில்லை. ஆனால் மனிதர்களைக் காணவில்லை. தாக்கச் சொன்ன ‘நான்’ இருந்தார். தாமதித்த ‘நான்’ இல்லை. தாமதம் தானாகவே நேர்ந்துவிட்டது. அலங்காரம் பொய் சொன்னால் நமக்கு உடனே தெரிந்துவிடுகிறது. வறண்ட வாக்கியம் ஒளித்தால் அதை நிதானம் என்று பாராட்டுகிறோம். ஆயினும் கடிதங்களையும் தேதிகளையும் நூலிலேயே வைத்துவிட்டுப் போனார் கிராண்ட். அவரைப் பிடிக்க அவரே தடயம் தந்திருக்கிறார்.

இந்தப் பக்கங்களைப் படித்த பிறகு என் பழைய கட்டுரை ஒன்றை எடுத்துப் பார்த்தேன். காலமான ஒரு கவிஞரின் தொகுப்பு ‘கவனிக்கப்படாமல் போயிற்று’ என்று அதில் எழுதியிருக்கிறேன். சிக்கனமான வாக்கியம், நண்பர்கள் பாராட்டினார்கள். அந்தத் தொகுப்பு ஓராண்டு என் மேஜைமீதுதான் கிடந்தது. அப்போது அவர் உயிரோடு இருந்தார்.