நகையிலிருந்து அழுகைக்கு: மார்க் டுவைனின் போர் நினைவுக் கட்டுரை – ஒரு மெய்ப்பாட்டு நோக்கு

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து இருபது ஆண்டுகள் கழிந்தபின், 'செஞ்சுரி' இதழ் படைத்தலைவர்களின் போர் நினைவுகளைத் தொடராக வெளியிட்டது. அவ்வரிசையில் 1885 டிசம்பரில், எந்தப் போரிலும் வெற்றி காணாத ஒருவரின் கட்டுரையும் இடம்பெற்றது. அது மார்க் டுவைன் எழுதிய 'தோல்வியுற்ற ஒரு படையெடுப்பின் தனிப்பட்ட வரலாறு' ஆகும்.

1861இல் போரினால் மிசிசிப்பி ஆற்றுப் போக்குவரத்து நின்றபோது, படகோட்டியாக இருந்த சாமுவேல் கிளெமென்சு (டுவைனின் இயற்பெயர்) தொழிலை இழந்தார். மிசூரியில் 'மேரியன் ரேஞ்சர்சு' என்னும் சிறு தன்னார்வப் படையில் தென்னவர் தரப்பில் சேர்ந்தார். ஏறத்தாழ இரண்டு வாரங்களில் விலகி, தமையன் ஓரியனுடன் நெவாடாவுக்குச் சென்றார். இக்குறுகிய பணியே கட்டுரையின் பொருள்.

தொல்காப்பியம் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது. இந்நான்கும் கட்டுரையில் உள்ளன. சமைக்க மறுப்போரும் காவல்பணிக்கு உடன்படாதோருமாகிய இளைஞர் கூட்டம் இளமைக்குச் சான்று. வதந்தி ஒவ்வொன்றையும் மெய்யெனக் கொண்டு இருளில் ஓடி, பண்ணை நாய்களிடம் சிக்கிக்கொள்வது பேதைமை. தன் பெயருக்குப் பிரபுத்துவ ஒலி சேர்க்க டன்லப் என்பதைத் திரித்து எழுதிக்கொள்ளும் வீரன் மடனுக்குச் சான்று. பிறர் கொளுத்தியதைப் பற்றிக்கொண்டு விடாமையே மடன் என்பது உரைமரபு. தென்னாட்டவர் உள்ளத்தில் வால்ட்டர் ஸ்காட்டின் வீரக்கதைகள் ஊட்டிய மயக்கத்தை டுவைன் முன்னரே 'மிசிசிப்பியில் வாழ்க்கை' (1883) நூலில் சாடியவர் என்பது இங்கு நினையத்தக்கது.

கட்டுரையின் திருப்பம் ஓர் இரவில் நிகழ்கிறது. பொய்யான எச்சரிக்கைகள் பலவற்றுக்குப் பின், நிலவொளியில் குதிரைமேல் வந்த ஒருவன் சுடப்படுகிறான். அவனிடம் படைக்கலமும் இல்லை, சீருடையும் இல்லை. மனைவியையும் குழந்தையையும் பற்றி முணுமுணுத்தவாறே இறக்கிறான். ஆறு துப்பாக்கிகள் வெடித்தன என அறிந்தும் கதைசொல்லியின் மனம் ஆறுவதில்லை.

இந்நிகழ்ச்சி புனைவாகலாம் என ஆய்வாளர் பலர் ஐயுறுவர். படையை விட்டு நீங்கியதற்கு ஒரு மேன்மையான காரணம் கற்பிக்கவே அது சேர்க்கப்பட்டது என்றும், நகைச்சுவையோடு பொருந்தாமல் நிற்கிறது என்றும் குறை கூறலாம். முதற்குறைக்கு இடமுண்டு, இரண்டாவது பொருந்தாது. முன்னர் நகைக்குக் காரணமான பேதைமையே இங்குக் கொலைக்கும் காரணமாகிறது. பெருமிதத்திற்கு உரிய தறுகண் எங்கும் இல்லை, அச்சமே சுடுகிறது. அதுவரை சிரித்த வாசகர் தாம் எதைக் கண்டு சிரித்தோம் என எண்ண நேர்கிறது. நகை 'இழவு' என்னும் நிலைக்களன் வழியே அழுகையாக மாறுகிறது.

யுலிசீசு கிராண்டின் நினைவுக்குறிப்புகளை அதே ஆண்டில் வெளியிட்டது டுவைனின் பதிப்பகமே. பகைவர் தளத்தை நெருங்கியபோது அஞ்சியதையும், தளம் வெறுமையாகக் கிடந்ததைக் கண்டபின் பகைவரும் தம்மைப்போலவே அஞ்சினர் என உணர்ந்ததையும் கிராண்ட் அந்நூலில் எழுதியுள்ளார். அச்சம் ஒன்றே, கிராண்டுக்கு அது தலைமைக்குரிய பாடமாயிற்று, டுவைனுக்கு விலகுதற்குரிய காரணமாயிற்று.

எனினும் ஒரு குறை எஞ்சுகிறது. அப்படை எத்தரப்பின் பக்கம் நின்றதோ அத்தரப்பு காக்க முயன்ற அடிமைமுறை, உடன் பணியாற்றிய படகோட்டி ஒருவருடனான வேடிக்கையான பூசலில் மட்டுமே தலைகாட்டுகிறது. அடிமைமுறையின் கொடுமையை 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலில் தீட்டிய எழுத்தாளர், தம் சொந்தப் படைப்பணியை எழுதுகையில் அதைக் கடந்து செல்கிறார். எள்ளல் போர்மீதும் தன்மீதும் பாய்கிறது. போரின் காரணத்தின்மீது பாயவில்லை. போரின் பொய்மையைக் காட்டுவதில் இக்கட்டுரையின் வலிமையும், அந்தப் போர் எதற்காக என்று கேளாமையில் அதன் எல்லையும் அமைகின்றன.