கண்ணாடிக்குள் ஓர் இழை

ஆத்தூர்க் கடைவீதியில், வானொலிப் பெட்டிகள் பழுதுபார்க்கும் சிறிய கடையொன்றில், ரிப்பீட்டருக்கு மாற்று பியூஸ் தேடி நின்ற அந்த அரைமணி நேரத்தை இன்றும் ஆனந்தத்தோடு நினைத்துக்கொள்கிறேன். மலையுச்சியில் அமர்ந்து, சமவெளியிலிருந்து வரும் மெல்லிய குரலை ஓர் அலைவரிசையில் வாங்கி, அதே கணத்தில் வேறோர் அலைவரிசையில் பலமாக அனுப்பும் அந்த இயந்திரம், 20 மில்லிமீட்டர் நீளக் கண்ணாடிக் குழலுக்குள் ஒரு கம்பியிழை அறுந்தால் மௌனமாகிவிடுகிறது.

கடைக்காரப் பெரியவர், நான் கொண்டுபோன பழைய பியூஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கண்ணாடி கருக்கலீங்க; இழை நடுவுல மட்டும் உருகியிருக்குது. ஷார்ட் இல்லீங்க, லோடு கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார். பிறகு தகர டப்பாவை மேஜைமேல் சாய்க்க, வளையல்கள் உரசுவதுபோன்ற மெல்லிய கலகலப்புடன் குழல்கள் பரவின. உலோகத் தொப்பியில் பொறித்த பொடி எழுத்தை, விரைவில் அறுவதற்கு எஃப், சற்றுப் பொறுத்து அறுவதற்கு டி என்று பூதக்கண்ணாடியால் வாசித்து, ஒவ்வொன்றாக விலக்கி, மீட்டரின் முனைகளை வைத்துக் 'கீ' என்ற ஒலி கேட்ட பின்னரே என் உள்ளங்கையில் வைத்தார். ஆம்பியர் கூடுதலானது கைவசம் நிறைய இருந்தும் அவர் அதைத் தரவில்லை. "பெருசு போட்டா பியூஸ் நிக்கும், மெஷின் போயிருமுங்க." அந்தச் சிரத்தை அபூர்வமானது. இரண்டு வாங்கினேன்; ஒன்று இப்போதும் ரிப்பீட்டர் மூடியின் உட்புறம் நூலால் கட்டப்பட்டிருக்கிறது.