தேநீரின் சுவையும் நமது சுவைஞரும்

சுவை என்னும் சொல் தமிழில் நாவுக்கும் நூலுக்கும் பொதுவானது. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். உரையாசிரியர்கள் அவற்றைச் சுவையொடு பொருத்தி விளக்கினர். அன்று தொட்டு, கவிதையை அறிந்து நுகர்பவனைச் சுவைஞன் என்றே நாம் அழைத்து வருகின்றோம். இந்தப் பொதுமையைப் பயன்படுத்தி ஒரு சாரார் ஒரு வாதத்தை எழுப்புவதுண்டு. சுவை அவரவர் நாவைப் பொறுத்தது, அதிலே சமுதாயத்துக்கு என்ன வேலை, இலக்கியச் சுவைக்குள் உழைப்பையும் சாதியையும் கொண்டுவந்து புகுத்துவானேன் என்பதே அவ்வாதம். இதற்கு ஏட்டிலிருந்து விடை தேடவேண்டியதில்லை. நாள்தோறும் இரண்டு மூன்று தடவை நாம் சுவைத்து, ஒப்பிட்டு, நன்று தீது கூறும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு ஆராய்வதே போதும். அப்பொருள் தேநீர்.

சண்டிலிப்பாயிலிருந்து பார்ப்போம். எமது ஊரிலே தேயிலைச் செடி முளைப்பதில்லை. ஆயினும் தேத்தண்ணீர் இல்லாத வீடு இல்லை. வெறும் தேத்தண்ணீரை உள்ளங்கைச் சீனியோடு அருந்துவோர் ஒரு வகையினர். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்போர் இன்னொரு வகையினர். ஆட்டுப்பால் விட்ட தேநீரின் வாசனையை விரும்புவோரும் உளர். அதை அண்டாதோரும் உளர். இஞ்சி தட்டிப் போடுவோர், தேசிக்காய் பிழிவோர் எனப் பட்டியல் நீளும். கடைத் தேநீரோ துணி வடியினூடாக இறங்கும் டஸ்ட் தேயிலையின் கடுஞ்சாயம். வீட்டுக்கு வாங்கும் பொட்டலத்தில் பெரும்பாலும் பீ.ஓ.பீ. அல்லது பீ.ஓ.பீ.எப். என்னும் எழுத்துக்கள் இருக்கும். இவை சுவையின் தரத்தைக் காட்டும் எழுத்துக்கள் என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அவை முதன்மையாக இலைத்துணிக்கையின் பருமனைக் குறிப்பன. துணிக்கை சிறுக்கச் சிறுக்கச் சாயம் விரைந்து இறங்கும், அவ்வளவே.

ஒரே பொட்டலத்துத் தேயிலையை அட்டனில் ஒரு கோப்பையும் சண்டிலிப்பாயில் ஒரு கோப்பையும் ஊற்றிப் பார்த்தால் வேறுபாடு தெரியும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணக்கல்லினூடே ஊறிவரும் வன்னீர். அந்நீரில் தேயிலை கறுத்து மங்கும், மேலே மெல்லிய ஆடை படியும், நறுமணம் அடங்கிப்போகும். மலைநாட்டு மென்னீரில் அதே இலை தெளிந்த செந்நிறம் காட்டும். எமது மக்கள் தேசிக்காய்ப் புளி விட்டு நிறத்தைத் தெளிவிப்பதும், பால் விட்டுத் துவர்ப்பை அடக்குவதும், இஞ்சியால் மணம் கூட்டுவதும் வெறும் பழக்கம் மட்டும் அல்ல. எமது கிணற்றுக்கு எமது நா கண்ட விடையுமாகும். எனவே சுவை என்பது நாவிலே தனித்துப் பிறப்பதன்று. நிலமும் நீரும் அதன் முதற் பெற்றோர்.

தேயிலையை மதிப்பிடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் இதனை நன்கு அறிவர். இலங்கைத் தேயிலையை அது விளையும் உயரங்கொண்டு மூன்றாக வகுப்பர். 2,000 அடிக்குக் கீழ் விளைவது தாழ்நிலத் தேயிலை. 4,000 அடிவரை மத்திய நிலத் தேயிலை. அதற்கு மேல் உயர்நிலத் தேயிலை. உறுகுணையின் தாழ்நிலத் தேயிலை கருஞ்சாயமும் திண்மையும் உடையது. நுவரெலியாவினது வெளிர்ந்த நிறமும் மென்மணமும் கொண்டது. ஊவாவிலே யூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும் காலத்திலும், திம்புலவிலே சனவரி முதல் மார்ச் வரையிலும் மணம் மிக்க கொழுந்து கிடைக்கும். இவற்றை ஒப்பிடுவோர் ஒரே நிறையான தூளை, ஒரே அளவான கொதிநீரில், ஒரே நேரம் ஊறவைத்து, வெண்ணிறக் கோப்பைகளில் வரிசையாக வைப்பர். முதலில் சீனி இல்லை. ஊறிய சக்கையின் நிறத்தையும் பார்ப்பர். பின்னர் ஒரு கரண்டி நீரை ஓசை எழ உறிஞ்சி, வாயெங்கும் பரப்பி, சுவையை உணர்ந்தபின் உமிழ்ந்துவிடுவர்.

இம்முறையிலிருந்து இலக்கிய விமர்சகன் கற்கவேண்டிய நல்ல பாடம் ஒன்றுண்டு. ஒப்பிட விரும்புபவன் அளவுகோலை மாற்றிக்கொண்டிருத்தல் ஆகாது. சீனியை ஒதுக்கிவைத்துவிட்டுச் சரக்கைப் பார்த்தல் வேண்டும். ஆயின் அதே முறையில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அங்கே சுவைப்பவர் விழுங்குவதில்லை. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான கோப்பைகளைச் சோதிப்பவருக்கு அது தொழில்வழித் தேவை. வாழ்க்கையைச் சொல்லும் நூலை நாநுனியில் உருட்டிப் பார்த்து, மணம் கூறி, உமிழ்ந்துவிட்டு அடுத்த நூலுக்குப் போகும் சுவைஞருக்கு அத்தகைய தேவை எதுவும் இல்லை. அவர் உமிழ்வது எதனை?

தேயிலையின் கதையைச் சற்று விழுங்கிப் பார்ப்போம். கோப்பித் தோட்டங்களில் இலைநோய் தலைகாட்டியது 1869இல். அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867இல், லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி அழியத் தேயிலை மலைகளை மூடியது. 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. நடுவதற்கும் பறிப்பதற்கும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் ஆள் திரட்டினர். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அத்தனையும் பெரும்பாலும் பெண்களின் விரல்கள் ஒவ்வொன்றாகக் கிள்ளியெடுத்தவை. இலங்கையில் உற்பத்தியாகும் தேயிலையில் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேல் கப்பலேறிவிடுகின்றது. ஏலத்தில் உயர்ந்த விலை பெறும் மணமிக்க இலையை, அதனைப் பறித்தவள் தன் லயத்து அடுப்பில் ஊற்றிக் குடிப்பதில்லை. உலகம் புகழும் ஒரு சுவை, அதனை ஆக்கிய கைகளுக்கே அந்நியமாய்ப் போயிற்று. இதைவிடத் தெளிவான சுரண்டற் பாடம் எந்த வகுப்பறையிலும் இல்லை.

இந்த உண்மையை நமது எழுத்து எவ்வாறு சுவைத்தது? புதுமைப்பித்தன் 1935இல் 'துன்பக்கேணி' எழுதினார். முல்க் ராஜ் ஆனந்தின் அசாம் தோட்ட நாவல் 'இரண்டு இலையும் ஒரு மொட்டும்' 1937இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964இல் தோன்றியது. இவற்றின் பெருமையை நாம் குறைக்கவில்லை. தேநீர்க் கோப்பைக்குப் பின்னால் மனிதர் இருக்கின்றனர் என்பதைப் படித்த வகுப்பினர்க்கு எடுத்துரைத்தவை அவை. எனினும் 'துன்பக்கேணி' என்ற தலைப்பே அதன் பார்வையைக் காட்டிவிடுகின்றது. கிராமத்திலிருந்து போனவர் வீழ்ந்து அழியும் பாழ்ங்கிணறாகவே தோட்டம் அங்கே தோன்றுகின்றது.

இதனோடு என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' என்ற கதையை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். 1961இல் வெளிவந்த அக்கதையில் ஒரு பெண் ஒரு நாளில் பறித்த கொழுந்தின் நிறையே மையம். அந்நிறையோடு அவளுடைய மானமும் திறமையும் நிறுக்கப்படுகின்றன. இங்கே தொழிலாளி நமது கண்ணீருக்குக் காத்திருக்கும் உருவம் அல்லள். தன் தொழிலை அறிந்தவள், அதிலே பெருமை உடையவள். தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' ஒற்றை அறைக்குள் ஒரு குடும்பம் அடைந்து கிடப்பதால் நேரும் மானக்கேட்டைச் சொல்கின்றது. அறையின் அளவே அங்கு கதையின் அமைப்பாகிவிட்டது. வெளியிலிருந்து நோக்கியவரின் இரக்கத்துக்கும் உள்ளிருந்து எழுதியவரின் அறிவுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. இரக்கம் தேநீரில் இட்ட சீனி போன்றது. அளவு மீறினால் எந்தத் தேயிலையும் ஒரே சுவையாகிவிடும். முற்போக்கு எழுத்து என்ற பெயரில் கண்ணீரை மட்டுமே கரைத்துத் தருவோரும் இதனைக் கவனித்தல் நன்று.

சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் பாடிய நெடும்பாட்டு, சக்தீ அ. பாலையாவின் தமிழாக்கத்தில் 'தேயிலைத் தோட்டத்திலே' என நமக்குக் கிடைத்தது. அக்கவிஞர் 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானவர். மறு ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் அவருக்கு வாக்களித்த மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. அம்மக்களின் பாட்டைச் 'சுவை அவரவர் நாவைப் பொறுத்தது' என்ற வாய்பாட்டால் அளந்துவிட முடியுமா?

மலைநாட்டுக் கொடுமையை யாழ்ப்பாணத்திலிருந்து சுட்டிக்காட்டுவது எளிது. ஆதலால் நமது தெருவுக்குத் திரும்புவோம். மானிப்பாயிலிருந்து காரைநகர் செல்லும் வீதியில் எமக்கு அடுத்த ஊர் சங்கானை. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகள் பலவற்றில், ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே அமர்ந்து தேநீர் அருந்த விடப்படவில்லை. அவர்கள் வெளியே நின்றனர்; சிரட்டையிலும் போத்தலிலும் தகரப் பேணியிலும் அவர்களுக்குத் தேநீர் ஊற்றப்பட்டது. இலை ஒன்று, நீர் ஒன்று, பால் ஒன்று, ஊற்றிய கையும் ஒன்று. பாத்திரம் மட்டும் வேறு. அந்தக் கோப்பைகள் இரண்டையும் வரிசையில் வைத்து, எந்தத் தேர்ந்த சுவைஞர் வேறுபாடு சொல்லியிருக்க முடியும்? சிரட்டையை ஏந்தியவன் சொல்லியிருப்பான். அவன் நாவிலே பட்ட கசப்பு தேயிலையின் கசப்பன்று.

1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டம் ஏட்டிலே கிடக்க, கடைக்குள் நுழையும் உரிமை போராடியே பெறப்பட்டது. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டது. தொடர்ந்து வந்த 1967, 1968ஆம் ஆண்டுகளில் சங்கானையிலும் பிறவிடங்களிலும் தேநீர்க் கடைப் பிரவேசத்துக்காக நடந்த போராட்டங்களில் உயிர்ப்பலிகளும் நேர்ந்தன. ஒரு கோப்பைத் தேநீரை மற்றவரோடு சமமாக இருந்து குடிப்பதற்காக மனிதர் மாண்ட மண் இது. அந்தக் காலத்தைக் கே. டானியல் 1972இல் 'பஞ்சமர்' நாவலில் பதித்தார். டொமினிக் ஜீவா 1960இலேயே 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதியைத் தந்திருந்தார். இவர்களைப் போன்றோரின் எழுத்தை அக்காலத்து மரபுவாதிகள் சிலர் இழிசனர் இலக்கியம் என இகழ்ந்தனர். மக்கள் பேசும் மொழி நூலில் ஏறுவது அவர்களின் சுவைக்கு ஒவ்வவில்லை. கடைக்காரர் தேநீருக்கு வைத்த தனிப் பேணியையே இவர்கள் இலக்கியத்துக்கும் வைத்தனர். 'சுவை' என்ற சொல் இங்கே நாவின் பெயரால் பேசவில்லை. கடைவாசலின் பெயரால் பேசியது.

மற்றுமொரு கோப்பையும் உண்டு. மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து ஏழைச் சிறுவர் சிறுமியர் யாழ்ப்பாண வீடுகளுக்கு வேலைக்குக் கொண்டுவரப்பட்ட காலம் ஒன்றிருந்தது. தாய் பறித்த கொழுந்து பொட்டலமாகி வந்து சேர்ந்த அதே சமையற்கட்டில், மகள் அதனைக் கொதிக்கவைத்து விருந்தினர்க்கு நீட்டினாள். 'நல்ல தேத்தண்ணி' என்று பாராட்டியவர்களிடம் அச்சிறுமி எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கின்றாள் என்று கேட்டவர் எத்தனை பேர்? அந்தச் சமையற்கட்டு நமது சிறுகதைகளில் எங்கெங்கே வருகின்றது என்று மாணவர்கள் தேடிப் பார்க்கட்டும். அத்தேடலே ஒரு விமர்சனப் பயிற்சியாகும்.

இவையெல்லாம் கடந்த காலம் என்று ஒதுக்குதலும் பொருந்தாது. 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. பல தோட்டங்களில் அக்கூலிக்கு இத்தனை கிலோ கொழுந்து என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. இராமையாவின் கூடை இன்னும் தராசிலேதான் தொங்குகின்றது. 2023இல் மலையக மக்களின் இருநூறு ஆண்டு நினைவுகூரப்பட்டது. ஆயினும் கடையில் அடுக்கப்பட்டிருக்கும் பொட்டலங்களைப் பாருங்கள். பச்சை மலை, பனிமூட்டம், கூடை சுமந்து சிரிக்கும் பெண். நமது வீடுகளுக்குள் நாளும் நுழையும் இப்படமும் ஒரு நூலே. அதில் சிரிப்பு உண்டு. லயம் இல்லை, தராசு இல்லை, அட்டை கடித்த கால் இல்லை. அதனைப் படித்துணரத் தெரியாதவன் எந்தக் காவியத்தையும் படித்துணர்ந்தவன் ஆகான்.

அப்படியானால் தேநீரைச் சுவைத்தலே குற்றமா? அன்று. உழைப்பாளர் பக்கம் நிற்பவன் சுவையின்பத்தை வெறுக்கவேண்டும் என்பது போலித் துறவு. ஊவாவின் மணத்தையும் உறுகுணையின் திண்மையையும் வேறுபிரித்து அறியும் நா, மனிதன் பயிற்சியால் பெற்ற செல்வம். அச்செல்வம் கொழும்பு ஏல மண்டபத்துக்கு மட்டும் உரியதாகாமல், கொழுந்தெடுப்பவளுக்கும் சங்கானைக் கூலிக்காரனுக்கும் சண்டிலிப்பாய் மாணவனுக்கும் உரியதாதல் வேண்டும் என்பதே நமது கட்சி.

ஆசிரிய நண்பர்கள் இதனை வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். ஒரே தேயிலையைக் கிணற்று நீரிலும் மழைநீரிலும் ஊறவைத்து மாணவர் முன் வையுங்கள். நிறத்தையும் மணத்தையும் துவர்ப்பையும் அவர்களே எழுதட்டும். அடுத்த பாடவேளையில் 'ஒரு கூடைக் கொழுந்'தையும் 'பஞ்சம'ரின் ஓர் அதிகாரத்தையும் வாசிக்கச் செய்யுங்கள். பின்னர் அவர்கள் எழுதிய குறிப்பிலே என்ன விடுபட்டிருக்கின்றது என்று கேளுங்கள். பறித்தவர் யார், நிறுத்தவர் யார், எந்தப் பாத்திரத்தில் யாருக்கு ஊற்றப்பட்டது என்ற வினாக்களை மாணவர் தாமே எழுப்புவராயின், தமிழ்ப் பாடம் அன்று உரிய முறையில் நடந்திருக்கின்றது என்று கொள்ளலாம்.