கொலைக்களக் காதையும் நீதிமன்ற உளவியலும்

பழனிமலைத் தொடரிலுள்ள ஆடலூரில் முதுகலை மாணாக்கர் சிலருடன் தங்கிச் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையைப் பயின்றுகொண்டிருந்தோம். உடனிருந்து கேட்ட காப்பித் தோட்டத்து முதியவர் ஒருவர், "உளநூல் வல்லார் ஒருவர் அன்று மதுரையில் இருந்திருந்தால், கோவலன் முகத்தைப் பார்த்தே கள்வன் அல்லன் என்று சொல்லியிருப்பார் அல்லவா, ஐயா?" என வினவினார். மாணாக்கரும் ஆம் என்றே தலையசைத்தனர். அவ்விசைவே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

முகங்கண்டு குற்றம் துணிவதே உளவியல் என்னும் எண்ணம் பரவலானது. 'தடயவியல் உளவியல்' என்னும் பெயர்வழக்கும் அதற்குத் துணைபோகின்றது. உள்ளத்தில் குற்றத்தின் தடம் கிடக்கும், வல்லார் அதனைத் தேடி எடுப்பர் என எண்ண வைக்கின்றது. நீதிமன்ற உளவியல் என்பதே பொருந்தும். குற்றஞ்சாட்டப்பெற்றவர் வழக்கை உணர்ந்து எதிர்கொள்ளும் நிலையினரா, கண்டோர் நினைவு எத்துணை நம்பத்தக்கது என்பன போல்வனவே அதன் வினாக்கள். ஊகோ மூன்சுட்டர்பர்க்கு 1908இல் வெளியிட்ட நூலும் சாட்சியரின் நினைவுப் பிழைகளுக்குச் சிறப்பிடம் தந்தது.

காதையை நோக்குவோம். கோவலனைக் கண்ட காவலர், இவன் கொலைக்குரியன் அல்லன் என்கின்றனர். அதற்குச் சான்று அவன் தோற்றமே. கூற்று உண்மை, முறை பிழை. பொற்கொல்லனோ மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வரின் துணைகள் எட்டினை அடுக்குகின்றான். இவற்றுள் ஒன்றேனும் கோவலனிடம் காணப்பட்டதா எனின், இல்லை. கள்வர் பொதுவாக இத்தகையர் என்பதை, இவன் கள்வன் என்பதற்குச் சான்றாக்குகின்றான். குற்றவாளியின் உளச்சித்திரம் வரைதலை அளவிறந்து போற்றுவார் இக்காலத்தும் வழுக்கும் இடம் இதுவே.

பொற்கொல்லன் உள்ளத்தை ஆராய்வதோடு நின்றுவிடுதல் எளிது. எமக்கு அவனினும் ஆராயத்தக்கவனாகத் தோன்றுபவன் வேலேந்திய இளங்காவலன். முன்பொரு மழை நள்ளிரவில் தன் கைவாளையே பறித்து மறைந்த கள்வனை அவன் நினைவுகூர்கின்றான். அக்கள்வன் வேறு, கோவலன் வேறு. ஆயினும் அன்றைய அச்சம் இன்று கோவலன்மேல் ஏறுகின்றது. அரசன் ஒறுப்பான் என்னும் அச்சமும் உடன்சேர்கின்றது. சிலம்பு எங்ஙனம் வந்தது என்று கோவலனை வினவும் காவலர் ஒருவருமிலர். வாள் வீசியவன் கல்வியறிவற்ற வேறொருவனே. அவன் கைக்கு வழி திறந்தது இவ்விளையோன் நினைவு. உளவியலார்க்கு உண்மையில் வேலை இருப்பது இங்கேதான்.

கருவியால் உண்மையைக் கறந்துவிடலாம் என்பது பழைய முகக்குறி நம்பிக்கையின் புதுவடிவம். செல்வி எதிர் கருநாடக மாநிலம் என்னும் வழக்கில் 2010 மே 5இல் உச்சநீதிமன்றம், மயக்கமருந்து ஆய்வு, பொய்யறி கருவி ஆய்வு, மூளை அலை ஆய்வு ஆகியவற்றை ஒருவரது இசைவின்றி நடத்தலாகாது எனத் தீர்ப்பளித்தது. இசைந்து நடப்பினும் அம்முடிவுகள் தாமே சான்றாகா.

வழக்குரை காதையில் உண்மையை நிறுவியது பரல். அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். இவற்றை எல்லாம் யாம் விளக்கிய பின்னர் முதியவர் சற்றுப் பேசாதிருந்தார். பின், "அப்படியானால் அவன் தலை போகுமுன்னே அந்தச் சிலம்பை உடைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லையே, ஐயா" என்றார்.