கொட்டகுடி கிராம சபைக்குக் கூட்ட உளவியல் உதவுமா?

போடிநாயக்கனூரில் ஸ்பைசஸ் போர்டு நடத்தும் மின்னணு ஏலத்தைக் கூட்ட உளவியல் படித்தவர்கள் பார்த்தால் மகிழ்ந்துபோவார்கள். ஏலக்காய் சாம்பிள் முன்கூட்டியே வியாபாரிகளின் கைக்கு வந்துவிடுகிறது. விலையைக் கூவிச் சொல்லத் தேவையில்லை; அவரவர் கணினியில் தட்டினால் போதும். ஒரு லாட் முடிந்ததும் அடுத்தது. குழுவில் ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருப்பதால்தான் யோசனைகள் வற்றுகின்றன என்று உளவியல் ஆய்வாளர்கள் டீலும் ஸ்ட்ரோபேயும் 1987-இல் காட்டினார்கள். அந்தக் காத்திருப்பு இங்கே கிடையாது.

ஆனால் அங்கே கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: என்ன விலை? உரிமம் இல்லாதவர் ஏலம் கேட்க முடியாது. காய் பறித்தவர்களுக்கு அந்த அறையில் வேலையே இல்லை.

அதே போடியிலிருந்து மலைப்பக்கம் ஏறினால் குரங்கணி. அது கொட்டகுடி ஊராட்சியைச் சேர்ந்தது. அந்த ஊராட்சியின் கிராம சபையில் வாக்காளர் எவரும் பேசலாம். 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் தந்த உரிமை அது. முன்பு ஆண்டுக்கு நான்கு நாள் கூடிய சபை, 2022 முதல் உலகத் தண்ணீர் நாளும் உள்ளாட்சி நாளும் சேர்ந்து ஆறு நாள் கூடுகிறது. சாலை, குடிநீர், வீடு, நூறு நாள் வேலை, வனத்துறையோடு உள்ள வழக்குகள் எல்லாம் ஒரே காலைக்குள் வந்து விழும். அதே ஊராட்சியின் டாப் ஸ்டேஷன்காரர் வண்டியில் வருவதானால் மூணாறு, போடிமெட்டு என்று சுற்ற வேண்டும். இல்லையென்றால் சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து இறங்க வேண்டும். (மூணாறு தேயிலையை இறக்கிய பழைய கயிற்றுப்பாதை விட்டுச்சென்ற பெயர்கள் இவை.)

இந்தச் சபைக்குக் கூட்ட உளவியல் ஆய்வுகள் உதவுமா? சில இடங்களில் நன்றாகவே உதவும். குழுக்கள் எல்லோருக்கும் தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பேசுகின்றன, ஒருவருக்கு மட்டும் தெரிந்தது வெளியே வராமலே போகிறது என்பது ஸ்டாசரும் டைட்டஸும் 1985-இல் கண்டது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலைத்தீயில் மலையேற வந்தவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வந்தன. எந்தச் சரிவில் புல் முதலில் காயும், காற்று எந்த நேரத்தில் திரும்பும் என்பதை அதே ஊராட்சியின் முதுவாக்குடியில் இருப்பவர் அறிந்திருப்பார். அனுமதி யாருக்குப் போயிருக்கிறது என்பது வனத்துறைக்குத் தெரியும். ஜீப் ஓட்டுபவருக்கு யார் எந்த வழியில் ஏறினார்கள் என்று தெரியும். இவை ஒரே இடத்தில் சேர்வதற்குக் கேரி க்ளைன் 2007-இல் எழுதிய ஓர் உத்தி பொருந்தும்: காரியம் கெட்டுவிட்டது என்றே வைத்துக்கொண்டு, எப்படிக் கெட்டிருக்கும் என்று ஒவ்வொருவரையும் சொல்ல வைப்பது. ஜனவரி 26 கிராம சபை தீக்காலத்துக்குச் சற்று முன்னால் வருகிறது. "மார்ச்சில் தீ பிடித்துவிட்டது, எங்கே தொடங்கியிருக்கும்?" என்று அன்றைக்குக் கேட்க ஒரு பைசா செலவில்லை.

கற்றல் ஆய்விலிருந்தும் ஒன்றை எடுக்கலாம். திரும்பப் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதே ஒரு வாரம் கழித்தும் மனதில் தங்குகிறது என்று ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் காட்டினார்கள். பழைய தீர்மானத்தைச் செயலர் படபடவென்று வாசிப்பதற்கு முன், "போன தடவை என்ன முடிவெடுத்தோம்?" என்று ஊராரைக் கேட்டுப் பார்க்கலாம்.

இதற்கு மேல் எனக்குத் தயக்கம் உண்டு. இந்த ஆய்வுகளில் பெரும்பகுதி கல்லூரி மாணவர்களை வைத்தும் அலுவலக ஊழியர்களை வைத்தும் நடந்தவை. அலுவலகத்தில் சுருங்கிய கூட்டமே நல்ல கூட்டம். உட்கார்ந்து நடத்தும் கூட்டம் நின்று நடத்துவதைவிட 34 விழுக்காடு நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது, முடிவின் தரமோ மாறுவதில்லை என்றது 1999-இல் வந்த ஓர் ஆய்வு. மலையிலிருந்து காட்டுப்பாதையில் நடந்து வந்தவரிடம் இதைச் சொல்ல முடியுமா? தென்மாநிலக் கிராம சபைகளைப் பற்றி பரோமிதா சன்யாலும் விஜயேந்திர ராவும் 2018-இல் எழுதிய நூல், ஏழைகள் அரசை நேருக்கு நேர் கேள்வி கேட்கும் இடமாக அந்தச் சபையைப் பார்க்கிறது. அங்கே நீளமான பேச்சு வீண் அல்ல. மனக்குறையைச் சபையில் சொல்வதே பாதிக் காரியம்.

இன்னொரு குறை பெரியது. தமிழ்நாட்டுக் கிராம சபைப் பேச்சுகளைப் பதிவுசெய்து அலசிய பார்த்தசாரதி, ராவ், பழனிச்சாமி ஆகியோரின் 2019 ஆய்வு, பெண்கள் வந்திருந்தும் ஆண்களைவிடக் குறைவாகப் பேசுகிறார்கள், பேசினாலும் பொருத்தமான பதில் அவர்களுக்குக் குறைவாகவே கிடைக்கிறது என்றது. தலைவர் பெண்ணாக இருந்த ஊராட்சிகளில் பெண்களின் கேள்விக்குப் பதில் கூடியது. இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது இட ஒதுக்கீடு. நாற்காலியை வட்டமாகப் போட்டதாலோ சீட்டில் எழுதி வாங்கியதாலோ வந்ததில்லை. நாளைய கூலியைத் தருபவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது எந்த உத்தியும் துணிச்சலைக் கொடுத்துவிடாது. ஐந்தைந்து பேராகப் பிரிந்து பேசி ஒருவர் மட்டும் எழுந்து சொன்னால் பேசியவர் யார் என்பது மறையும், அவ்வளவுதான். அதுவும் சிறிய உதவியல்ல என்பேன்.

ஆகவே உத்திகளை எடுத்துக்கொள்ளலாம், அலுவலகத்தின் அளவுகோல் வேண்டாம். வருகைப் பதிவேட்டில் கோரம் (குறைந்தபட்ச வருகை) சேர்ந்ததா என்பதோடு அரசின் அக்கறை முடிகிறது. எத்தனை கேள்விக்குப் பதில் வந்தது என்று எண்ணுவதற்குப் பதிவேட்டில் ஒரு கட்டம் போட வேண்டும். யார் பதில் சொல்வார், எந்தத் தேதிக்குள் என்று அதில் எழுத வேண்டும். அடுத்த கிராம சபைக்குப் போகிறவர்கள், அங்கே அரசு சார்பில் வரும் பற்றாளரிடம் இதையே முதல் கோரிக்கையாக வையுங்கள்.