எண்ணிக்கையும் இடமும்: இந்தியக் கால்பந்துக் கிளப்புகளில் வெளிநாட்டு வீரர்கள்

இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துப் போட்டி தொடங்கிய 2014 முதல் 2024-25 வரையிலான 11 பருவங்களிலும், மிகுதியான கோல் அடித்தவருக்குரிய தங்கக் காலணி விருதை வெளிநாட்டு வீரர்களே பெற்றிருக்கிறார்கள். அவற்றுள் மூன்று, சென்னையின் எஃப்.சி. அணிக்கு ஆடிய பிரேசிலின் எலானோ, கொலம்பியாவின் மென்டோசா, லிதுவேனியாவின் வால்ஸ்கிஸ் ஆகியோருக்குச் சென்றவை. இதே காலத்தின் கடைசிப் பகுதியில், 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணி ஆடிய மூன்று ஆட்டங்களிலும் ஒரு கோல்கூட அடிக்காமல் தோற்றுத் திரும்பியது. அதே ஆண்டு ஜூனில் பன்னாட்டு ஆட்டங்களிலிருந்து ஓய்வுபெற்ற சுனில் சேத்ரியை, அவருக்கு 40 வயதான பிறகு, 2025 மார்ச்சில் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. இவ்விரு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர் எவரும், வெளிநாட்டார் வந்து இந்தியரின் இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள், ஆகவே கிளப்புகள் உள்நாட்டு வீரர்களையே எடுக்க வேண்டும் என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுவர். அந்த முடிவில் உண்மை உண்டு. ஆனால் அது பாதி உண்மையே.

வெளிநாட்டு வீரர்களைச் சேர்ப்பது சூப்பர் லீக்கோடு வந்த வழக்கமன்று. கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்கு 1980இல் ஈரானியரான மஜித் பிஷ்கர் வந்தார்; நைஜீரியாவின் சீமா ஒகோரி, பிரேசிலின் பாரெட்டோ போன்றோர் அந்நகரின் பெரிய கிளப்புகளில் ஆண்டுக்கணக்கில் ஆடி, உள்ளூர் நாயகர்களாகவே கொண்டாடப்பட்டனர். சூப்பர் லீக் செய்தது இவ்வழக்கத்தைப் பெருக்கியதுதான். முதல் பருவத்தில் களத்தில் நிற்கும் 11 பேரில் ஐவர் மட்டும் இந்தியராக இருந்தால் போதும் என்றிருந்தது. அதாவது அறுவர் வெளிநாட்டாராக இருக்கலாம். 2017-18இல் அந்த வரம்பு ஐந்தாகவும், 2021-22இல் நான்காகவும் குறைக்கப்பட்டது. இவ்வாறு விதியால் கட்டப்படும் உச்ச எண்ணிக்கையையே கால்பந்து உலகில் வெளிநாட்டார் ஒதுக்கீடு என்பர்.

முதலில் இவ்வழக்கத்தின் நன்மைகளைப் பார்க்கலாம். தொடக்கப் பருவங்களில் வந்த பெரும்புள்ளிகள் ஆட்டத்துக்காக அழைக்கப்பட்டவர்கள் என்பதைவிட விளம்பரத்துக்காக அழைக்கப்பட்டவர்கள் என்பதே பொருந்தும். இத்தாலியின் உலகக் கோப்பை வீரர் தெல் பியேரோ டெல்லி அணிக்கு ஆடிய பருவத்திலேயே 40 வயதைத் தொட்டார். அந்தப் பருவத்தில் அவர் அடித்தது ஒரே ஒரு கோல். அரங்குகள் நிறைந்தன, தொலைக்காட்சி நிறுவனங்கள் மகிழ்ந்தன, ஆட்டம் என்னவோ இருந்த இடத்திலேயே இருந்தது. பிற்காலத்தில் வந்தவர்கள் வேறு வகையினர். எஃப்.சி. கோவாவின் கொரோமினாஸ் அடுத்தடுத்த இரு பருவங்களில் தங்கக் காலணியை வென்றார். 2024-25இல் பட்டம் வென்ற மோகன் பகான் அணியிலோ பெட்ராட்டோஸ், கம்மிங்ஸ், மெக்லாரன் ஆகிய மூன்று ஆஸ்திரேலியர்கள் முன்களத்தில் இருந்தனர். ஆட்ட வலிமை குன்றாத இத்தகையோரை வாரந்தோறும் தடுத்து நிற்க வேண்டியிருந்தது இந்தியத் தற்காப்பு வீரர்களுக்குச் சிறந்த பயிற்சியாகவே அமைந்தது. உடற்பயிற்சி, உணவு, ஆட்டப் பதிவுகளைப் பார்த்து அலசும் முறை ஆகியவற்றில் இந்தியக் கிளப்புகள் அடைந்த முன்னேற்றத்திலும் வெளிநாட்டு வீரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் பங்குண்டு.

குறை எங்கே என்று தேடினால், அது எத்தனை பேர் என்பதைக் காட்டிலும் எந்த இடத்தில் என்பதில்தான் இருக்கிறது. கால்பந்தில் தற்காப்பின் நடுவீரர், நடுக்களத்தில் ஆட்டத்தைப் பின்னுபவர், கோல் முன் நிற்கும் நடு முன்கள வீரர் ஆகியோர் அமையும் நேர்க்கோட்டை அணியின் முதுகெலும்பு என்பது வழக்கு. நான்கு வெளிநாட்டாரை மட்டுமே களமிறக்கலாம் என்னும்போது, ஒரு பயிற்சியாளர் அந்நால்வரையும் இந்த நேர்க்கோட்டில்தான் நிறுத்துவார். எஞ்சும் பக்கவாட்டு இடங்கள் இந்தியருக்கு விடப்படும். ஆகவே வரம்பு ஆறிலிருந்து நான்காகக் குறைந்தபோது இந்தியருக்குக் கிடைத்த கூடுதல் இடங்கள் பெரும்பாலும் ஓரங்களில்தான் கிடைத்தன. சாங்தே, நந்தகுமார் சேகர், லிஸ்டன் கொலாசோ என்று பக்கவாட்டில் ஓடும் நல்ல வீரர்கள் பலர் உருவானதும், நடு முன்களத்தில் சேத்ரிக்குப் பின் எவரும் நிலைபெறாததும் இதனால் விளங்கும். இந்திய அணிக்கு நடு முன்கள வீரராக அழைக்கப்படும் மன்வீர் சிங், மோகன் பகான் அணியில் பெரும்பாலும் வலப் பக்கத்தில் ஆடுபவர். சேத்ரியே பெங்களூரு அணியில் வெனிசுவேலாவின் மிக்கு நடுவில் நின்ற காலத்தில் இடப் பக்கம் ஒதுங்கி ஆடினார். அவ்வாறு ஒதுங்கியும் கோல் அடிக்கும் திறன் அவருக்கு இருந்தது என்பது வேறு செய்தி.

கோல்காப்பாளர் இடம் இதற்கு நேர்மாறான சான்று. முதல் பருவத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்கு இங்கிலாந்தின் டேவிட் ஜேம்ஸ் கோல் காத்தார். வரம்பு இறுகியதும், ஒதுக்கீட்டில் ஓர் இடத்தைக் கோல்காப்பாளருக்குச் செலவிடக் கிளப்புகள் விரும்பவில்லை. குர்பிரீத் சிங் சந்து, அம்ரிந்தர் சிங், விஷால் கைத் முதலியோருக்குத் தொடர்ந்து ஆடும் வாய்ப்புக் கிட்டியது. இன்று இந்திய அணியில் கோல்காப்பாளருக்குப் பஞ்சமில்லை. ஒரே ஒதுக்கீட்டு விதி ஓரிடத்தில் வீரர்களை வளர்த்து, மற்றோரிடத்தை வறளவிட்டிருக்கிறது.

பயிற்சியாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. நாலைந்து தோல்விகள் தொடர்ந்தால் வேலை போய்விடும் என்ற நிலையில் உள்ளவர், 20 வயது இந்தியர் ஒருவரை நடு முன்களத்தில் நிறுத்தி, அவர் தவறவிடும் வாய்ப்புகளைப் பொறுத்துக்கொண்டு, இரண்டாண்டு கழித்து வரும் பலனுக்குக் காத்திருக்க மாட்டார். கிளப்பின் கணக்கு இந்தப் பருவத்தோடு முடிகிறது. தேசிய அணியின் கணக்கு பத்தாண்டுக்கு நீள்கிறது. இவ்விரண்டும் இயல்பாகவே ஒன்றுபடும் என்று எதிர்பார்ப்பதுதான் பிழை. அரிதாக ஒன்றுபட்டதும் உண்டு: 2017-18இல் சென்னையின் எஃப்.சி. இரண்டாம் முறையாகப் பட்டம் வென்றபோது, அவ்வணியின் முதன்மை முன்கள வீரர் மிசோரமைச் சேர்ந்த ஜேஜே லால்பெக்லுவா. அப்பருவத்தில் அவர் 9 கோல்கள் அடித்தார். இந்திய முன்கள வீரரை நம்பினால் பட்டம் கிட்டாது என்ற வாதத்துக்கு இது போதிய மறுப்பு. ஆனால் அவருக்குப் பின் அதே கிளப்பும் வெளிநாட்டு முன்கள வீரரையே நாடியது.

தமிழ்நாட்டின் மற்றொரு கிளப் இன்னும் தெளிவான பாடத்தைத் தருகிறது. கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கைத் தன் களமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி., அன்று ஐ-லீக் எனப்பட்ட தேசிய லீக்கின் 2018-19 பட்டத்தை, கடைசி நாளில் மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று, ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாகப் பெற்றுக் கைப்பற்றியது. சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்றுவித்த அவ்வணியின் முதுகெலும்பு, பெத்ரோ மான்சி, சாந்த்ரோ, நெஸ்தோர், எஸ்லாவா என ஸ்பெயினிலிருந்து வந்த நால்வர். அவர்களைச் சுற்றி ரொமாரியோ ஜேசுராஜ், எட்வின் வன்ஸ்பால், அஜித் குமார் முதலிய தமிழக இளைஞர்கள் ஆடினர்; அதற்கு முந்தைய பருவத்தில் கன்னியாகுமரிக் கடலோரத்திலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் அங்கேதான் நாடறிந்த வீரரானார். பெருங்கிளப்புகள் கண்டுகொள்ளாத உள்ளூர்க்காரர்களுக்கு, பந்தைச் சரியான நேரத்தில் சரியான இடத்துக்கு அனுப்பும் அந்த வெளிநாட்டார் அருகிருந்தது வாழ்க்கையையே மாற்றியது. அவர்களில் பலர் பின்னர்ச் சூப்பர் லீக் அணிகளுக்குச் சென்றனர். வெளிநாட்டார் உள்ளூர் வீரரின் வளர்ச்சியைக் கெடுப்பர் என்ற பொதுக்கூற்று இங்கே நிற்காது. ஆயினும், மான்சியை ஜப்பானியக் கிளப் ஒன்று 2020 தொடக்கத்தில் வாங்கிச் சென்றதும் கோல்கள் வறண்டன. அவரிடத்தை நிரப்ப ஒரு தமிழக முன்கள வீரர் ஆயத்தமாக்கப்பட்டிருக்கவில்லை. 2020-21க்குப் பின் அந்தக் கிளப் தேசிய லீக்கிலேயே இல்லை.

முற்றிலும் உள்நாட்டாரைக் கொண்டே ஆடுவது என்னும் எதிர்முனையையும் எடைபோட வேண்டும். உலகில் இதற்கு முதன்மைச் சான்று ஸ்பெயினின் பில்பாவோ நகரத்து அத்லெட்டிக் கிளப். பாஸ்க் நிலப்பகுதியில் பிறந்தவர் அல்லது அங்கே கால்பந்து பயின்றவர் மட்டுமே அதில் ஆட முடியும். அந்தக் கட்டுப்பாட்டோடு அது ஸ்பெயினின் முதல் நிலை லீக்கிலிருந்து ஒருமுறையும் கீழிறங்கியதில்லை. 2024இல் அரசர் கோப்பையையும் வென்றது. கானா நாட்டுப் பெற்றோருக்குப் பில்பாவோவில் பிறந்த இன்யாகி வில்லியம்ஸ் அதன் தூண்களுள் ஒருவர் என்பதால், குருதியைக் காட்டிலும் பிறந்த இடமும் பயின்ற இடமுமே அங்கு அளவுகோல் எனலாம். ஆனால் அதன் கடைசி லீக் பட்டம் 1984இல் வந்தது. தகுதியுள்ள வீரர்கள் சிலரே என்பது பிற கிளப்புகளுக்கும் தெரியுமாதலால், வெளியிலிருக்கும் பாஸ்க் வீரரை வாங்கப் பெருவிலை கொடுக்க வேண்டியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கொள்கையைத் தாங்கி நிற்பது லெசாமா என்னுமிடத்தில் 1971இல் திறக்கப்பட்ட பயிற்சிக்கூடம். அதைப் போன்ற ஒன்று இல்லாமல் கொள்கையை மட்டும் இரவல் வாங்க முடியாது.

இந்தியாவும் இதைச் சிறிய அளவில் முயன்றதுண்டு. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2010இல் தொடங்கி இடையில் நிறுத்தி, 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை முடிந்த 2017இல் மீண்டும் தொடங்கிய இந்தியன் ஆரோஸ், இந்திய இளைஞர் மட்டுமே கொண்ட அணி. அது தோற்றுக்கொண்டே இருந்தது. தோற்பதற்கு அஞ்ச வேண்டாத அணியாக இருந்ததே அதன் பெருமை. ஜேஜே முதல் காலத்திலும், சுரேஷ் வாங்ஜம், அன்வர் அலி, ரஹீம் அலி இரண்டாம் காலத்திலும் அதிலிருந்து வந்தவர்கள். 2022இல் கூட்டமைப்பு அதைக் கலைத்துவிட்டது. அந்த முடிவு செலவைக் குறைத்திருக்கலாம்; இளம் முன்கள வீரர் ஒருவர் முழுப் பருவமும் நடுவில் நின்று ஆடும் அரிய இடம் அதோடு போயிற்று.

ஒதுக்கீட்டின் பக்கவிளைவு ஒன்றையும் விட்டுவிடலாகாது. ஒவ்வோர் அணியும் ஏழு இந்தியரைக் களமிறக்கியே தீர வேண்டும், தேர்ந்த இந்தியரோ சிலரே என்றால், அவர்களின் ஊதியம் திறமையைத் தாண்டி ஏறும். உள்நாட்டிலேயே நல்ல விலை கிடைப்பதால் வெளிநாடு சென்று கடுமையான லீக்குகளில் ஆடும் ஆவலும் மங்கும். நார்வேயின் ஸ்தாபேக் கிளப்புக்குச் சென்று ஐரோப்பாவில் ஆடிய குர்பிரீத் இன்றும் விதிவிலக்காகவே நிற்கிறார். இங்கிலாந்தின் பிரிமியர் லீக்கிலும் இதே விலையேற்றம் உண்டு. அங்கே 25 பேர் கொண்ட அணியில் குறைந்தது எட்டுப் பேர் உள்நாட்டில் வளர்ந்தவராக இருக்க வேண்டும் என்பது 2010-11 முதல் விதி. ஆனால் அங்கு நாட்டுரிமை கேட்கப்படுவதில்லை, 21 வயதுக்குள் மூன்று பருவம் இங்கிலாந்து அல்லது வேல்ஸ் கிளப்புகளில் பதிவாகியிருந்தாரா என்பதே கேட்கப்படுகிறது. போஸ்மான் வழக்கில் 1995இல் ஐரோப்பிய நீதிமன்றம், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நாட்டுரிமை பார்த்து வீரர்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தக் கூடாதென்றது. அதே நீதிமன்றம் 2023 டிசம்பரில் ராயல் ஆண்ட்வெர்ப் வழக்கில், உள்நாட்டில் வளர்ந்தவர் என்னும் விதிகளும்கூட இளைஞர் பயிற்சியை உண்மையாகவே ஊக்குவித்தால்தான் ஏற்கத்தக்கவை என்னும் பொருள்படத் தீர்ப்பளித்தது. கடவுச்சீட்டைப் பார்ப்பதிலிருந்து பயிற்சியைப் பார்ப்பதற்கு அங்கே விவாதம் நகர்ந்துவிட்டது. இந்திய விதிகள் இன்னும் கடவுச்சீட்டிலேயே நிற்கின்றன.

வரம்பை நான்கிலிருந்து மூன்றாகவோ இரண்டாகவோ குறைப்பது இந்நிலையில் எளிதாகத் தோன்றும் தீர்வு. அதற்கு எதிராக இரண்டு தடைகள் உள்ளன. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு தன் சாம்பியன்ஸ் லீக்கில் 2024-25 முதல் வெளிநாட்டார் வரம்பையே நீக்கிவிட்டதால், உள்நாட்டில் இருவரோடு ஆடிப் பழகும் இந்தியக் கிளப், ஆசிய அரங்கில் 11 பேரையும் வெளியிலிருந்து கொணரும் அணிகளை எதிர்கொள்ள வேண்டிவரும். இரண்டாவது தடை இன்னும் வலியது: இருவர்தான் என்றாலும் அவர்களில் ஒருவர் நடு முன்களத்தில்தான் நிற்பார். நடு முன்களத்தில் இந்தியர்தான் ஆட வேண்டும் என்று விதி எழுதுவது பொருந்தாது. எழுதினால் அது கேலிக்கூத்தாகும்.

எழுதக்கூடியது வேறொன்று. தான் பயிற்றுவித்த 23 வயதுக்குட்பட்ட வீரரைப் பருவத்தில் குறித்த நிமிடங்களுக்கு மேல் ஆடவிடும் கிளப்புக்கு, லீக்கின் வருவாய்ப் பங்கில் கூடுதல் தொகை தரலாம்; அத்தொகை நடு முன்கள வீரர் ஒருவரின் தடுமாற்றத்தைப் பொறுக்கும் துணிவைப் பயிற்சியாளருக்கன்றிக் கிளப்பின் உரிமையாளருக்குத் தரும், முடிவெடுப்பவர் அவரே. 2022இல் தொடங்கிய ரிலையன்ஸ் வளர்ச்சி லீக் போன்ற இளையோர் போட்டிகளின் ஆட்ட எண்ணிக்கையைப் பெருக்குவதும், இந்தியன் ஆரோஸ் போன்ற அணியை இரண்டாம் நிலை லீக்கில் மீண்டும் நிறுத்துவதும் இதனோடு சேர வேண்டியவை. இவற்றுக்கெல்லாம் நிலையான வருவாய் வேண்டும். சூப்பர் லீக்கின் வணிக உரிமை ஒப்பந்தம் முடிவதை ஒட்டி எழுந்த சிக்கலால் 2025-26 பருவம் உரிய காலத்தில் தொடங்காமல் தள்ளிப்போனபோது, பங்கிட வேண்டிய அந்த வருவாயே கேள்விக்குள்ளானது. அத்தகைய நிலையில் ஒரு கிளப் முதலில் கைவைப்பது இளையோர் பயிற்சிக்கான செலவில்தான். வெளிநாட்டு முன்கள வீரரின் ஒப்பந்தத்தில் கைவைப்பது அதற்குப் பிறகே.